அந்த ஒரு விசை மட்டும் ஏன்?

2019 மார்ச் மாத இறுதியில், அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் தொழில்நுட்பப் பத்தி எழுதும் ஜோனா ஸ்டெர்ன் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பிலேயே ஆங்கில ‘இ’ எழுத்தைக் காணோம். உள்ளேயும் அப்படித்தான்: எழுத்துகள் விழாத இடங்களும் ஒன்று இரண்டாக விழுந்த இடங்களும் வரிக்கு வரி இருந்தன. அவருடைய ஆப்பிள் மடிக்கணினியின் விசைப்பலகை எப்படி அடித்துத் தந்ததோ, அப்படியே திருத்தாமல் விட்டிருந்தார். சிறு எண்ணிக்கையிலான பயனாளர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஆப்பிள் வருத்தம் தெரிவித்தது.

கணினியின் அடிப்பகுதியைக் கழற்றாமல் பார்க்கவே முடியாத ஒரு சிறு துகள் இதற்குப் போதுமானதாக இருந்தது. 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் ஆப்பிள் கொண்டுவந்த ‘பட்டர்ஃபிளை’ விசை, அழுத்தும்போது சுமார் அரை மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். மேசைக் கணினிகளில் பயன்படும் மெக்கானிக்கல் விசை 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி தூரம் போனதுமே எழுத்து விழுந்துவிடும். அரை மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் ஒரு மணல் துகள் புகுந்தால், விசை இறங்க இடமே மிஞ்சாது. விசைப்பலகையை மெலிதாக்கும் போட்டியில், தூசிக்கு விட்டுவைத்த இடத்தையும் சேர்த்தே வெட்டிவிட்டார்கள்.

எல்லா விசைக் கோளாறும் இவ்வளவு நேரடியானது அல்ல. ஒரு விசை ஓய்ந்தால், நம்மில் பலருக்கும் கை முதலில் போவது ஊக்கை எடுத்து விசையைப் பெயர்க்கத்தான். அதற்கு முன்னால் கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துவிட வேண்டும். அந்த விசை மட்டுமா, அதோடு சேர்ந்து வேறு விசைகளுமா? எழுத்து விழவில்லையா, வேறு எழுத்து விழுகிறதா, இரண்டாக விழுகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டால், பழுது எந்த இடத்தில் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். ஏன் என்று புரிய, விசைப்பலகைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதே இல்லை. தன்னிடம் எந்த இடம் அழுத்தப்பட்டது என்பதை ஓர் எண்ணாகச் சொல்கிறது, அவ்வளவுதான். யுஎஸ்பி விதிப்படி, ‘ஏ’ அச்சிட்ட விசையின் எண் 4. அந்த 4 கணினிக்குள் வந்து சேர்ந்ததும், ஆங்கில அமைப்பு இயக்கத்தில் இருந்தால் திரையில் ‘ஏ’ விழும். தமிழ்99 இருந்தால் ‘அ’ விழும். பிரெஞ்சு அமைப்பு இருந்தால் ‘க்யூ’ விழும். விசை விடுபட்டதும் அந்தச் செய்தியும் தனியாகப் போக வேண்டும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ‘ஏ’ விசையை அழுத்தினால் 30 என்ற எண் போகும். விரலை எடுத்தால் அதோடு 128 கூட்டி 158 போகும். இந்த இரண்டாவது செய்தி எங்காவது தொலைந்துபோனால், விசை இன்னும் அழுந்தியே இருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருக்கும். தொலைவிலிருந்து வேறு கணினியை இயக்கிவிட்டுத் திரும்பும்போது, எதைத் தட்டினாலும் எழுத்துக்குப் பதில் கட்டளைகள் ஓடுவதையும், சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் பக்கம் பெரிதாவதும் சிறிதாவதுமாக இருப்பதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். கண்ட்ரோல் விசையை விட்ட செய்தி வராததுதான் காரணம். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் உள்ள கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் விசைகளை ஒருமுறை தட்டிவிட்டால் சரியாகிவிடும்.

ஆகவே முதல் கேள்வி, எண் புறப்படவே இல்லையா, புறப்பட்ட எண்ணுக்குக் கணினி வேறு பொருள் கொள்கிறதா என்பது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்து மேசையிலிருந்து ஒரு யுஎஸ்பி விசைப்பலகையை இரவல் வாங்கிச் செருகுங்கள். அதிலும் அதே விசை முரண்டு பிடித்தால், பழுது மென்பொருளில். அதில் சரியாக அடித்தால், சந்தேகம் உங்கள் பலகையின் மேல் வருகிறது. இன்னும் உறுதி வேண்டுமானால், கணினியை மீண்டும் இயக்கி, விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரைக்குள் போய் அந்த விசையைச் சோதிக்கலாம். அங்கே உங்கள் மொழி அமைப்போ, குறுக்கு விசைகளோ, வேறு செயலிகளோ எதுவும் ஓடாது. அங்கும் விசை ஊமையாக இருந்தால் அது வன்பொருள் கோளாறுதான்.

மென்பொருள் செய்யும் தொல்லைகளில் மூன்றைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் பயணங்கள் பல மிச்சமாகும். சில மடிக்கணினிகளில் எண் விசைகளுக்கான ‘நம் லாக்’ தெரியாமல் விழுந்துவிட்டால், ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆகிவிடும், யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 தரும், எம் பூஜ்யமாகும். பாதி எழுத்து சரி, பாதி எண் என்று பார்த்தவுடன் பலகையே போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 நொடி அழுத்திப் பிடித்தால் ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதி விழித்துக்கொள்ளும். அதன்பின் சட்டென்று தட்டும் எழுத்து எதுவும் விழாது. அழுத்திப் பிடித்தால்தான் விழும். மேசையில் ஒரு தடிமனான புத்தகம் அந்த விசைமேல் சாய்ந்திருந்தாலே போதும். ஷிஃப்ட் விசையை அடுத்தடுத்து ஐந்து முறை தட்டினால் வருவது ‘ஸ்டிக்கி கீஸ்’; ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்ற விசைகளைத் தட்டிவிட்டாலே அவை அழுந்தியிருப்பதாகக் கொள்ளும் வசதி. இவை உடல் சார்ந்த சிரமம் உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்ட அருமையான வசதிகள். தேவையில்லாதவர் அமைப்புகளுக்குள் போய் அவற்றின் குறுக்குவழியை அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

இனி வன்பொருள். ஒரு முழு விசைப்பலகையில் நூறுக்கு மேல் விசைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் கட்டுப்படுத்தும் சில்லுக்கு நூறு கால்கள் வேண்டும். அதனால் விசைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளின் சந்திப்புகளில் வைக்கிறார்கள். குறுக்கே 8, நெடுக்கே 16 என்று 24 கம்பிகள் இருந்தாலே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். திரையரங்கில் வரிசை எழுத்தையும் இருக்கை எண்ணையும் சேர்த்து ஒருவரின் இடத்தைச் சொல்வது போல, சில்லு இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஒரு விசையை அடையாளம் காண்கிறது. ஒரு குறுக்குக் கம்பியில் மின்னழுத்தம் கொடுத்து, எந்த நெடுக்குக் கம்பியில் அது திரும்பி வருகிறது என்று பார்க்கும். பிறகு அடுத்த கம்பி. இப்படி எல்லாக் கம்பிகளையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றிவருகிறது.

பழுது பார்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் துப்பு மிகப் பெரியது. ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பழுது அந்தச் சந்திப்பில்தான் இருக்க வேண்டும். அதன் கம்பிகள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன; இல்லையென்றால் அதே கம்பியில் உள்ள மற்ற விசைகளும் போயிருக்கும். ஐந்தாறு விசைகள் ஒரே நாளில் சேர்ந்து ஓய்ந்தால், அவை ஒரே கம்பியில் கோத்தவை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடிக்கணினியின் மெல்லிய ரிப்பன் கேபிள் மதர்போர்டில் சேரும் இடத்தில் ஒரு முனை விலகியிருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே கம்பியில் உள்ள விசைகள் பலகையில் அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் நாலைந்து விசைகள் ஒன்றாகப் போவதுதான் வழக்கம். எனவே ஒரு விசை கெட்டவுடன் எல்லா விசைகளையும் ஒன்று விடாமல் தட்டிப் பார்த்து, ஓய்ந்தவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எஃப் வரிசை விசைகளையும் அம்புக்குறிகளையும் விடாதீர்கள். தினமும் தொடாத விசை எப்போது போனது என்று நமக்குத் தெரியாமலே இருக்கும்.

ஒரு விசையைத் தட்டினால் இரண்டு வெவ்வேறு எழுத்துகள் சேர்ந்து விழுகின்றனவா? அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டு ஒட்டிக்கொண்டுவிட்டன. மின்சாரம் ஒரு வழியில் போக வேண்டியது இரண்டு வழியிலும் போகிறது. அநேகமாக உள்ளே ஏதோ ஈரம் இறங்கியிருக்கிறது.

ஒற்றை விசைக்குத் திரும்புவோம். விலை குறைந்த மேசை விசைப்பலகைகளிலும் பெரும்பாலான மடிக்கணினிகளிலும் இருப்பது மெம்பரேன் வகை. மூன்று பாலியெஸ்டர் தாள்கள். மேல் தாளிலும் கீழ் தாளிலும் வெள்ளி கலந்த மையால் கம்பிகளை அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில் விசைக்கு ஒன்றாக ஓட்டை. மேலே ஒரு ரப்பர் குமிழ். விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கி, மேல் தாள் ஓட்டை வழியாகக் கீழ் தாளைத் தொடும். விரலை எடுத்ததும் குமிழ் விசையைத் தூக்கிவிடும். மடிக்கணினியில் விசை சாயாமல் நேராக இறங்க, கத்தரிக்கோல் போல மடங்கும் இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் குமிழைச் சுற்றி இருக்கும்.

விசை இறங்குகிறது, மேலே வருகிறது, எழுத்து மட்டும் விழவில்லை என்றால் தாள்களின் தொடுமுனையில் அழுக்கோ அரிப்போ இருக்கிறது. விசை இறங்கவே மறுத்தாலும், இறங்கியது எழும்பாவிட்டாலும், சட்டத்திலோ குமிழிலோ தடை. அழுத்திக் குத்தினால் மட்டும் விழுகிறது என்றால் தொடுமுனை தேய ஆரம்பித்துவிட்டது. விரல் நுனியில் கிடைக்கும் இந்த உணர்வை நம்புங்கள்; விலையுயர்ந்த சோதனைக் கருவிகள் சொல்வதில் பெரும்பங்கை அதுவே சொல்லிவிடும்.

தூசியை அகற்றும்போது கணினியை அணைத்துவிட்டு, பலகையைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்று டப்பாவால் குறுகிய வீச்சுகளாக ஊத வேண்டும். பட்டர்ஃபிளை பலகைகளுக்கு ஆப்பிள் சொன்ன வழிமுறையில் மடிக்கணினியை 75 பாகைச் சாய்வில் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். சமதளத்தில் வைத்து ஊதினால் துகள் வெளியே வராமல் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். டப்பாவைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது; உள்ளிருக்கும் திரவம் அப்படியே பலகைமேல் பீய்ச்சும். முடி உலர்த்தும் கருவியின் சூட்டுக் காற்று வேண்டாம். பிளாஸ்டிக் சட்டங்கள் நெளிந்துவிடும். எண்ணெய் கலந்த தெளிப்பான்கள் அதைவிடக் கேடு: அன்றைக்கு விசை வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த மாதம் அத்தனை தூசியும் அந்த எண்ணெயில் வந்து ஒட்டும்.

விசை மூடியைக் கழற்றுவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். மேசைப் பலகையில் அச்சமில்லை, நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். மடிக்கணினியில் மூடியைப் பிடித்திருக்கும் கொக்கிகள் மயிரிழை அளவு மெல்லியவை. எந்தப் பக்கத்திலிருந்து நெம்ப வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தெரியாமல் நெம்பினால் கொக்கி முறிந்து, அழுக்குப் பிரச்சினை உடைந்த விசைப் பிரச்சினையாகிவிடும். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளுக்குள் ஒரு கம்பித் துண்டு இருக்கும்; அதைத் திரும்ப மாட்டப் பொறுமை வேண்டும். அப்படிக் கழற்றிய பின் துடைப்பதற்கு ஏற்றது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பஞ்சுக் குச்சியில் சிறிதளவு போதும். தண்ணீரைவிட விரைவாக ஆவியாகி, தடயமின்றிப் போய்விடும்.

எழுத்து விழாமல் இருப்பதைவிட இரண்டாக விழுவதுதான் தமிழில் எழுதுபவருக்குப் பெரிய ஆபத்து. இதன் இயற்பியல் சுவையானது. இரண்டு உலோக முனைகள் மோதும்போது ஒரே தொடலில் நின்றுவிடுவதில்லை. மிக நுண்ணிய அளவில் துள்ளி விலகி, மீண்டும் தொட்டு, சில முறை அதிர்ந்த பிறகே நிலைக்கின்றன. நல்ல நிலையில் உள்ள மெக்கானிக்கல் விசையில் இந்தத் துள்ளல் 5 மில்லி நொடிக்குள் அடங்கிவிடும். சில்லுக்கோ அது பல தனித்தனி அழுத்தங்களாகத் தெரியும். அதனால், முதல் தொடலுக்குப் பிறகு சில மில்லி நொடிகள் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று சில்லுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். முனைகளில் அழுக்குப் படலம் படிந்தாலோ தகடு தளர்ந்தாலோ, துள்ளல் அந்தக் காத்திருப்பு நேரத்தைத் தாண்டி நீளும். அப்போது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து.

ஆங்கிலத்தில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் பொருளற்ற சொல் ஒன்று உருவாகும். பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டுவிடும். தமிழ்99-இல் கதை வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில், ஒரே மெய்க்குரிய விசையை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். விரைவாகத் தட்டச்சு செய்ய இது பேருதவி. விசை துள்ள ஆரம்பித்தால் இதே உதவி திரும்பித் தாக்குகிறது. ‘ல’ விசை துள்ளினால் ‘இலை’ என்று அடித்தது ‘இல்லை’ ஆகும். ‘க’ துள்ளினால் ‘மகள்’, ‘மக்கள்’ ஆவாள். ‘ட’ துள்ளினால் ‘கடை’ கட்டையாகும், ‘படம்’ பட்டமாகும், ‘குடி’ குட்டியாகும். எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் எச்சரிக்காது. ஒரு பத்திரத்திலோ மருத்துவக் குறிப்பிலோ ‘இலை’ ‘இல்லை’ ஆனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பத்திரிகை அலுவலகத்திலும் தட்டச்சு மையத்திலும் வேலை செய்பவர்கள், ஒற்றுப் பிழை திடீரென்று பெருகினால் அடிப்பவரின் இலக்கணத்தைக் குறைசொல்லும் முன் விசைப்பலகையைச் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

சோதனை எளிது. ஒரு விரலால் ஒரே விசையை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 100 மில்லி நொடியாவது ஆகும். 20, 30 மில்லி நொடி இடைவெளியில் இரண்டாவது எழுத்து வந்தால் அது உங்கள் விரல் அல்ல. வெற்றுப் பக்கத்தில் சந்தேகமான விசையை நிதானமாக ஐம்பது முறை தட்டி, விழுந்த எழுத்துகளை எண்ணினாலே தெரிந்துவிடும். இந்தச் சோதனையை ஆங்கில அமைப்பில் செய்யுங்கள். தமிழ்99-இல் செய்தால் தானாக விழும் புள்ளிகள் எண்ணிக்கையைக் குழப்பும். தற்காலிகத் தீர்வும் உண்டு. ஃபில்டர் கீஸ் வசதிக்குள்ளேயே, அடுத்தடுத்து மிக வேகமாக வரும் ஒரே விசையைப் புறக்கணிக்கும் ‘பவுன்ஸ் கீஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வந்தது, நடுங்கும் விசைக்கும் பயன்படுகிறது. லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்திலும் இது உண்டு. அங்கே காத்திருப்பு நேரத்தை நம் விருப்பப்படி குறைத்துக்கொள்ளலாம். நேரத்தை மிகவும் கூட்டிவிட்டால் நீங்கள் வேண்டுமென்றே அடிக்கும் இரட்டை எழுத்தும் காணாமல் போகும்.

தமிழ்99-இல் இன்னொரு ஏமாற்றும் கோளாறு உண்டு. புள்ளி இருப்பது ஆங்கில எஃப் விசையில். அது ஓய்ந்தால் ‘பட்டம்’ என்று அடிப்பது ‘பட்டம’ என்று விழும். நடுவில் உள்ள புள்ளி இரட்டிப்பால் தானாக வந்தது, கடைசிப் புள்ளிக்குத்தான் விசை வேண்டும். புள்ளி சில இடத்தில் விழுகிறது, சில இடத்தில் விழவில்லை என்றவுடன் எழுத்துருவையோ மென்பொருளையோ மாற்றிப் பார்த்து நாளைக் கழிப்பார்கள். உண்மையில் ஒரே ஒரு விசைதான் செத்திருக்கும். ஆங்கிலத்துக்கு மாறி எஃப் விழுகிறதா என்று பார்த்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் அடிப்பவர்களுக்குப் புள்ளி டி விசையில் இருக்கிறது. அவர்கள் அதைச் சோதிக்க வேண்டும்.

கம்பியில்லா விசைப்பலகையில் எழுத்துகள் அவ்வப்போது விட்டுப்போனால், விசையைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியை மாற்றுங்கள். அப்போதும் தீரவில்லை என்றால் அதன் சிறு யுஎஸ்பி வாங்கியை யுஎஸ்பி 3 துளைகளிலிருந்து தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 இணைப்புகள் கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியிருக்கிறது.

இனி, டீ கொட்டிய கதை. நம் மேசைகளில் அதிகம் நடப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திரவம் பட்டவுடன் செய்ய வேண்டியது மின்சாரத்தைத் துண்டிப்பது. மேசைப் பலகையாக இருந்தால் கம்பியைப் பிடுங்குங்கள். மடிக்கணினியாக இருந்தால் சேமிக்கிறேன், மூடுகிறேன் என்று காத்திராமல், ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மின்செருகியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். விசைப்பலகைக்கு நேர் கீழே மதர்போர்டு இருக்கிறது.

இந்த அவசரத்துக்குக் காரணம் வேதியியல். ஈரம் மட்டும் இருந்தால் உடனடிச் சேதம் குறைவு. ஈரத்தோடு மின்னழுத்தமும் சேர்ந்தால், அச்சிட்ட வெள்ளிக் கம்பியிலிருந்து வெள்ளி அயனிகளாகக் கரைந்து, எதிர் மின்வாயை நோக்கி நகர்ந்து, அங்கே மறுபடி உலோகமாகப் படிகிறது. கிளைவிட்டு வளரும் இந்தப் படிவு இரண்டு கம்பிகளை இணைத்துவிடும். கரைந்த இடத்தில் கம்பி அறுந்துபோகும். ஒரே விபத்தில் ஓரிடத்தில் குறுக்கிணைப்பு, ஓரிடத்தில் துண்டிப்பு. வேலை செய்கிறதா என்று பார்க்க உடனே மின்சாரம் கொடுப்பவர்கள், தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய பலகையைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெறும் தண்ணீரானால் நன்றாக உலர்ந்தபின் பிழைக்க வாய்ப்புண்டு. டீயும் காபியும் உலர்ந்த பிறகும் சர்க்கரையையும் பால் பொருளையும் விட்டுச்செல்லும். அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோடையில் ஒழுங்காக அடித்த விசை ஐப்பசி மழையில் தகராறு செய்தால், எப்போதோ கொட்டிய டீ இன்னும் உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். அரிசி மூட்டையில் புதைத்து வைப்பதால் பயனில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை அரிசி எடுக்காது. மாவுத் தூசியைத்தான் சேர்க்கும். மேசைப் பலகையானால் திருகுகளைக் கழற்றி, தாள்களைப் பிரித்துத் துடைத்து, முழுக்க உலர்ந்த பின் பூட்டலாம். மடிக்கணினியானால் திறக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது.

தாளில் கம்பி அறுந்திருந்தால் மல்டிமீட்டரால் இடத்தைக் கண்டுபிடித்து, வெள்ளி கலந்த மின்கடத்தும் பூச்சால் ஒட்டலாம். சால்டரிங் மட்டும் கூடாது. பாலியெஸ்டர் தாள் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பற்றவைக்கும் முனையின் வெப்பம் 300-ஐத் தாண்டும்.

பழுது சரியாகும்வரை வேலை நிற்க வேண்டியதில்லை. விண்டோஸில் கண்ட்ரோல், விண்டோஸ், ஆங்கில ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை வரும். கடவுச்சொல்லில் உள்ள எழுத்தே ஓய்ந்துபோய் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பவர்கள், உள்நுழைவுத் திரையின் மூலையில் இருக்கும் அணுகல் வசதிச் சின்னத்தைத் தட்டினால் அங்கும் அது கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் மென்பொருளில், ஓய்ந்த விசையின் வேலையை, நீங்கள் தொடாத வேறொரு விசைக்கு மாற்றிக்கொடுக்கலாம். கேப்ஸ் லாக் இதற்குப் பொருத்தமானது. இதையெல்லாம் முழுப் பலகையும் மாற்றும்வரை ஒப்பேற்றும் வழிகளாகவே கொள்ளுங்கள்.

முழுப் பலகையை மாற்றுவது எவ்வளவு எளிது என்பது, நீங்கள் கணினி வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பட்டர்ஃபிளை விசையின் முடிவைப் பாருங்கள். 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. முதலில் விற்ற நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு அது செல்லுபடியானது. ஆனால் பலகையை மட்டும் தனியாகக் கழற்ற முடியாதபடி மேல்கூட்டோடு இணைத்திருந்ததால், பலகையை மாற்றும்போது பேட்டரி உள்ளிட்ட மேல்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் ஆப்பிள் பழைய கத்தரிக்கோல் சட்டத்துக்கே திரும்பியது. 2020 மே மாதத்தோடு பட்டர்ஃபிளை எல்லா மாடல்களிலிருந்தும் நீங்கியது. இந்தப் பலகை தொடர்பாகத் தன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கை 2022-இல் முடித்துக்கொள்ள 5 கோடி டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பலகையை மேல்கூட்டோடு சேர்த்து ஆணியடிக்கும் வழக்கம் ஆப்பிளோடு நிற்கவில்லை. மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒரு விசை போனதற்காக அத்தனை முளைகளையும் வெட்டி எடுக்க வேண்டும். பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து மடிக்கணினி விற்கும்போது, அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்கான மதிப்பெண்ணைக் காட்டியாக வேண்டும். இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்க உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. மதிப்பெண் காட்டும் கட்டாயம் இங்கும் வர வேண்டும். அதுவரை, அடுத்த மடிக்கணினி வாங்கப் போகும்போது நினைவகம் எத்தனை ஜிபி என்று கேட்பதோடு, “கீபோர்டை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? உதிரி பாகம் கிடைக்குமா? என்ன விலை?” என்ற மூன்று கேள்விகளையும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.